போஸ்டில் போட்டாச்சு என்றால் போதாது

"தங்கச்சி, அந்த வரிக் கடிதத்த அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் பாஸ். அன்னிக்கே போஸ்ட்ல போட்டுட்டேன்."

அசாம் ஜாவா பக்கம் எந்தச் சின்ன அலுவலகத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர், தோட்டத்தில் உரம் போடவும் புல் வெட்டவும் குத்தகை எடுத்தவர், புக்கிட் ரோத்தானில் பட்டறை வைத்திருப்பவர், ஜெராமில் கேட்டரிங் நடத்துபவர் என்று யாரை எடுத்தாலும் அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கிராணி. வரி வாரியத்துக்குப் போகும் கடிதம் அந்தக் கிராணியின் கையால்தான் போகிறது. ஒன்றரை வருடம் கழித்து, "உங்கள் மேல்முறையீடு காலம் கடந்து வந்தது" என்றோ "வரவே இல்லை" என்றோ பதில் வந்தால், எல்லார் கண்ணும் திரும்புவதும் அதே மேசைப் பக்கம்தான்.

அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். கடிதத்தை அனுப்பியதற்கான சாட்சியத்தை அனுப்பும் நாளிலேயே உருவாக்கிவிட வேண்டும். பிறகு தேடிக் கிடைக்கிற பொருள் அல்ல அது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கிராணியின் மதிப்பு முதலாளிக்குப் புரியாவிட்டாலும், ஒருநாள் வழக்கறிஞருக்குப் புரியும்.

முப்பது நாளில் என்ன இருக்கிறது

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: வரி மதிப்பீட்டு அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட, அதாவது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட, 30 நாளுக்குள் எழுத்து மூலம் மேல்முறையீடு தர வேண்டும். அதற்கான படிவம்தான் கியூ பாரம். வழக்கைக் கேட்பவர்கள் வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் என்றாலும், பாரத்தைக் கொடுக்க வேண்டியது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தலைமை இயக்குநரிடம். நடைமுறையில் உங்கள் கோப்பைக் கையாளும் கிளை. நம் பக்கத்தில் பலருக்கு அது கிள்ளான் கிளை. நோட்டீசின் மேல் எந்தக் கிளை அச்சாகியிருக்கிறதோ, அதைப் பாருங்கள். முதலாளி பழக்கத்தில் சொல்லும் கிளையை நம்பி முகவரி எழுதாதீர்கள்.

30 நாள் போய்விட்டால் 97ஆம் பிரிவு வந்து நிற்கும். உரிய காலத்தில் மேல்முறையீடு வராத மதிப்பீடு இறுதியானது. அதன் பிறகு வாரியம் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனால், 106ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு முதலாளியின் வாயைக் கட்டிவிடும். தொகை அதிகம், கணக்குத் தப்பு என்ற எந்த வாதத்தையும் அந்த வழக்கில் நீதிமன்றம் கேட்காது. கணக்கு உண்மையிலேயே தப்பாக இருந்தாலும் கேட்காது. அப்படிப்பட்ட வாதத்துக்கென்று இருந்த நேர் வாசல் அந்த 30 நாள்தான்.

மேல்முறையீடு கொடுத்துவிட்டோம், ஆகவே வரி கட்ட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 103ஆம் பிரிவின்படி வரி கட்டியே ஆக வேண்டும். கூடுதல் மதிப்பீடாக வந்ததை 30 நாளில் கட்டாவிட்டால் 10 விழுக்காடு ஏறும். பாக்கி வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்க 104ஆம் பிரிவு இருக்கிறது. பழனிக்கோ மதுரைக்கோ டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவது யாருக்கும் வேண்டாத அனுபவம். ஆகவே பாரம் ஒரு வேலை, பணம் வேறொரு வேலை. இரண்டையும் நாட்காட்டியில் தனித்தனியாகக் குறியுங்கள்.

நாள் எங்கிருந்து ஓடுகிறது

நம் ஊர்க்காரர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான்.

145ஆம் பிரிவின்படி நோட்டீசைச் சாதாரணத் தபாலிலேயே அனுப்பலாம். தனிநபர் என்றால் வழக்கமான முகவரிக்கோ, வாரியத்துக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கோ போனால் போதும். வழக்கமான ஓட்டத்தில் தபால் எந்த நாளில் வந்திருக்குமோ, அதற்கு மறுநாள் சார்வு ஆனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் உறையைப் பிரித்தீர்களா என்பது அதற்குப் பொருட்டல்ல.

இதைத் தோட்டத்துப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அப்பா காலத்து லயத்து வீட்டு முகவரியில் வரிக்கோப்பு திறந்திருப்பார்கள். லயம் இடிந்து, குடும்பம் தாமானுக்கு மாறி, பிள்ளை சொந்தமாக லாரி ஓட்டித் தொழில் தொடங்கியிருப்பார். கோப்பில் மட்டும் பழைய தோட்ட முகவரி அப்படியே கிடக்கும். தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதக் கட்டில் அந்த நோட்டீஸ் எத்தனை நாள் காத்திருந்தாலும் 30 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முகவரி மாறினால் மூன்று மாதத்துக்குள் வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 89ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு சிபி600பி என்ற பாரம் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், முதலாளியின் கோப்பில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்ப்பது.

சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் என்றால் சிக்கல் வேறு. நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் சார்வு ஆனதாகிவிடும். அந்தப் பதிவு அலுவலகம் பெரும்பாலும் கம்பெனிச் செயலாளரின் ஆபீஸ். அது கிள்ளானில் இருக்கலாம், கோலாலம்பூரில் இருக்கலாம். லாரியும் பட்டறையும் அசாம் ஜாவாவில், கடிதப்பெட்டி வேறு ஊரில். அங்கே வேலை செய்யும் உங்கள் சக கிராணியோடு பேசி, வரி வாரியத்து உறை எது வந்தாலும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாரியத்தின் மைடேக்ஸ் இணையப் பக்கத்தையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கணக்கை எப்படிப் போடுவது? 1948, 1967ஆம் ஆண்டுகளின் பொருள்விளக்கச் சட்டங்களின் 54ஆம் பிரிவுப்படி நிகழ்வு நடந்த நாளைச் சேர்க்க மாட்டார்கள். கடைசி நாள் வார விடுமுறையிலோ பொது விடுமுறையிலோ விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். இதெல்லாம் வழக்கறிஞர் வாதாட வைத்துக்கொள்ளும் ஆயுதம். உங்கள் மேசைக்கு ஒரு கடுமையான கணக்கே நல்லது: நோட்டீசில் அச்சான தேதியிலிருந்தே 30ஐ எண்ணுங்கள். நோட்டீஸ் மார்ச் 3 என்றால் மார்ச் 4 முதல் நாள், ஏப்ரல் 2 முப்பதாம் நாள். விடுமுறைச் சலுகையை எண்ணாதீர்கள். தபாலில் வர எடுத்த நாளையும் கழிக்காதீர்கள். உங்களுக்குள் வைத்துக்கொள்ளும் கெடு மார்ச் 20க்கு முன்பாக இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். நோட்டீசின் தேதி ஒன்றாகவும், உறைமேல் விழுந்த அஞ்சல் முத்திரை பத்து நாள் பிந்தியதாகவும் இருந்தால், தாமதம் உங்களுடையது அல்ல என்று காட்ட அந்த உறைதான் சாட்சி. உறையின் பின்பக்கம் வந்த தேதி, வாங்கியவர் பெயர், கையொப்பம் மூன்றையும் எழுதி, நோட்டீசோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

போட்ட நாளா, போய்ச் சேர்ந்த நாளா

கெடு உள்ள எந்தக் கடிதத்துக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒவ்வொரு நாடும் வெவ்வேறு பதில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் வரி நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். அங்கே வரிச் சட்டத் தொகுப்பின் 7502ஆம் பிரிவு, சரியான முகவரி எழுதித் தபால் கட்டணம் கட்டிய உறையின் அஞ்சல் முத்திரைத் தேதியையே தாக்கல் செய்த தேதியாக எடுத்துக்கொள்கிறது. பதிவுத் தபால் என்றால் பதிவு செய்ததே போய்ச் சேர்ந்ததற்கு முதனிலைச் சான்று, பதிவு செய்த தேதியே அஞ்சல் முத்திரைத் தேதி. இவ்வளவு தாராளமான சட்டம் இருந்தும் அங்கே சண்டை ஓயவில்லை. 2017 ஜனவரியில் சிக்காகோவில் உள்ள ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். கடைசி நாள் 2015 ஏப்ரல் 21. ஒரு வழக்கறிஞர் அலுவலக ஊழியர் இணையத்தில் வாங்கிய தபால் வில்லையை அந்தத் தேதியோடு அச்சிட்டு ஒட்டி அனுப்பினார். அஞ்சலகம் தன் முத்திரையைக் குத்தவில்லை. அஞ்சல் கணினியின் தடப் பதிவோ ஏப்ரல் 23 என்றது. வரி நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட, மேல்முறையீட்டில்தான் அது காப்பாற்றப்பட்டது. காப்பாற்றிய நீதிமன்றமே அந்த அலுவலகத்தைக் கடிந்துகொண்டது: கவுண்டருக்கு நடந்து போய் முத்திரை குத்தி வாங்கியிருந்தால் இத்தனை பாடு இல்லையே என்று.

இந்தியாவில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் 1963ஆம் ஆண்டு விதிகளில் 6ஆம் விதி இதற்கு நேரெதிர். பதிவுத் தபாலில் மேல்முறையீடு அனுப்பலாம். ஆனால் தீர்ப்பாய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாள்தான் தாக்கல் செய்த நாள். சென்னையில் நேற்றே போட்டேன் என்று சொல்லிப் பயனில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் 99ஆம் பிரிவின் சொல், தலைமை இயக்குநரிடம் மேல்முறையீட்டு நோட்டீசை "கொடுப்பது" பற்றியது. கொடுப்பது என்றால் அவர் கைக்குப் போவது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அஞ்சல் முத்திரையே போதும் என்று அமெரிக்கச் சட்டம் போல இங்கே எழுதிவைக்கவில்லை. நமக்கு இருப்பது பொருள்விளக்கச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தபால் மூலம் சார்வு செய்யச் சட்டம் இடம் தரும்போது, சரியான முகவரி, முழுக் கட்டணம், பதிவுத் தபால் ஆகிய மூன்றும் இருந்தால், மறுப்புச் சான்று வரும்வரை சார்வு ஆனதாக அது ஊகிக்கிறது. ஆனால் எந்த நாளில்? வழக்கமான ஓட்டத்தில் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும் நாளில். அதாவது முப்பதாம் நாள் மாலை கோல சிலாங்கூர் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு, அந்த ஊகத்தைத் துணைக்குக் கூப்பிட முடியாது. பதிவுத் தபால் என்ற சொல்லையும் கவனியுங்கள். தனியார் கூரியர் வேகமாகப் போகலாம். அதன் ரசீதும் நல்ல சாட்சியமே. ஆனால் 12ஆம் பிரிவின் ஊகம் பதிவுத் தபாலைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆகவே என் முதல் ஆலோசனை தபாலே வேண்டாம் என்பதுதான். அசாம் ஜாவாவிலிருந்து கிள்ளான் போகச் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் பிடித்தாலும் நேரில் போங்கள். கியூ பாரத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "வாங்கிக்கொண்டோம்" என்ற சாப்பும் தேதியும் அந்த நகலின்மேல் விழுந்தபிறகு கவுண்டரை விட்டு நகருங்கள். சாப்பில் தேதி மங்கலாக விழுந்தால் மரியாதையாக இன்னொரு முறை கேளுங்கள். அவர்களுக்கு அது ஐந்து நொடி வேலை. நேரில் கொடுத்த சாப்பையும், தபாலில் போன இன்னொரு பிரதியையும் சேர்த்து வைத்திருப்பவரை அசைப்பது கடினம்.

தபால்தான் வழி என்றால்

பதிவுத் தபாலில் ஏ.ஆர். அட்டையோடு, அதாவது பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமாகித் திரும்பி வரும் ஒப்புகை அட்டையோடு, அனுப்புங்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் ரிட் சம்மனை நேரில் சார்வு செய்ய அனுமதிப்பதோடு, ஏ.ஆர். பதிவுத் தபாலையும் அனுமதிக்கின்றன. வழக்கையே தொடங்கி வைக்கும் தாளுக்குப் போதுமான வழி, உங்கள் பாரத்துக்கும் பொருந்தும்.

அனுப்பியது நிரூபணமானாலும், உறைக்குள் என்ன இருந்தது என்பது நிரூபணமாகாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு "உறை வந்தது, அதில் வேறு கடிதம்தான் இருந்தது" என்று சொன்னால் உங்கள் ரசீது ஊமையாகிவிடும். அதனால் முகப்புக் கடிதம் ஒன்று அவசியம். அதில் வரிக்கோப்பு எண், மதிப்பீட்டு ஆண்டு, நோட்டீஸ் தேதி, உள்ளே வைத்த தாள்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். பதிவுத் தபால் எண் அச்சிட்ட வில்லையைக் கவுண்டரில் வாங்கி, அந்த எண்ணை முகப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டு உறையை ஒட்டுங்கள். அப்போது கடிதமும் ரசீதும் ஒன்றையொன்று சுட்டிக் காட்டும். ஏ.ஆர். அட்டையிலும் வெறும் "ஆவணம்" என்று எழுதாமல் "கியூ பாரம்" என்றும் கோப்பு எண்ணையும் எழுதுங்கள்.

ரசீது விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் தபால் ரசீதுகளையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கோப்பில் போட்டு வைத்தோம். தேவைப்பட்டபோது எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் ரசீது அது. நம் வெயிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் எழுத்து வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து ரசீது வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நகல் எடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நகலை மூல ரசீதோடு பின் அடித்து, ஒரு படத்தை மின்னஞ்சலில் முதலாளிக்கும் அனுப்பிவிடுவேன். அந்த மின்னஞ்சலின் தேதியும் ஒரு சாட்சிதான்.

இணையத்தில் கடிதத்தின் தடத்தைப் பார்க்கும் பக்கம் என்றென்றும் இருக்காது. "ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டும் நாளிலேயே அச்செடுத்து, எடுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். கணினி தந்த தாளை நீதிமன்றத்தில் சேர்ப்பதற்கு 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவில் தனி வழி இருக்கிறது. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அவர் கையில் கொடுக்கத் தாள் இருக்க வேண்டும்.

சாட்சிக் கூண்டில் யார்

முதலாளி நிற்க முடியாது. அவர் கையொப்பம் போட்டார், அவ்வளவுதான். உறையை ஒட்டியவரும் கவுண்டரில் கொடுத்தவரும்தான் நேரடியாகத் தெரிந்தவர்கள். ஆகவே இரண்டு பேர் கைமாறும் வேலையாக இதை ஆக்காதீர்கள். "நான் டைப் செய்தேன், தம்பி எடுத்துட்டுப் போனாரு, அவரு வேற யாருகிட்டயோ கொடுத்தாராம்" என்ற சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் பலவீனம். உறையில் தாளை வைத்தவரே கவுண்டர்வரை போகட்டும்.

டெஸ்பேச் புத்தகம் என்ற பழைய பழக்கம் தோட்ட ஆபீஸ்களில் இருந்தது. நல்ல கிராணி அதைக் கண்ணைப் போலக் காப்பார். இன்றைய சின்ன அலுவலகங்களில் அது காணாமல் போய்விட்டது, திரும்பக் கொண்டுவாருங்கள். பக்க எண் அச்சிட்ட கட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, வெளியே போகும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், யாருக்கு, என்ன, எந்த எண், யார் கொண்டுபோனார், கையொப்பம். வரிக் கடிதத்துக்கு மட்டும் எழுதினால் அதற்கு மதிப்புக் குறைவு. மின்கட்டணக் கடிதம் முதல் கல்யாணப் பத்திரிகைவரை எல்லாம் வரிசையாக இருந்தால்தான், நடுவில் இருக்கும் கியூ பாரத்தின் வரி நம்பத்தக்கதாகிறது. தொழிலின் வழக்கமான நடைமுறை அந்த நாளிலும் பின்பற்றப்பட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் தருகிறது. வழக்கம் என்று ஒன்று இருந்தால்தான் ஊகிக்க முடியும்.

பிரச்சினை வரும் என்று வாடை அடித்தாலே, நினைவு புதிதாக இருக்கும்போது 1960ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணம் எழுதி வையுங்கள். நீங்கள் கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். "அனுப்பியிருப்பேன்" என்ற சொல் அதில் வரக் கூடாது. முதலாளியே கேட்டாலும் முன்தேதியிட்டு எழுதாதீர்கள், டெஸ்பேச் புத்தகத்தில் இடைவரி சேர்க்காதீர்கள். பொய்ப் பிரமாணம் குற்றம். அதில் மாட்டுவது கையொப்பமிட்ட நீங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது இந்தக் கோப்பை எழுத்தில் ஒப்படைத்து, வாங்கியவர் கையொப்பத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டை வாரியம் மறுபரிசீலனை செய்யவே 12 மாதம் எடுத்துக்கொள்ளலாம், அதன்பிறகுதான் சிறப்பு ஆணையர்கள். கணக்கு ஆவணங்களை 7 வருடம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அனுப்புச் சான்றுகளையும் அதே அலமாரியில் அதே காலம் வையுங்கள்.

தவறிவிட்டால்

மறைக்காமல் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள். சட்டத்தின் 100ஆம் பிரிவு கால நீட்டிப்புக்கு வழி வைத்திருக்கிறது. அதற்கான படிவம் "என்" (N) பாரம். தலைமை இயக்குநர் மறுத்தால் விண்ணப்பம் சிறப்பு ஆணையர்களிடம் போகும். ஏன் தாமதம் என்ற காரணத்தைத்தான் அவர்கள் எடைபோடுவார்கள். மருத்துவமனைச் சீட்டு, வெள்ளத்தில் சாலை அடைபட்ட நாளின் படம், பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய உறை என்று உண்மையாக என்ன இருக்கிறதோ அதைக் கூட வையுங்கள். நாட்கள் எண்ணி, எந்த நாளில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கியூ பாரத்தையும் நிரப்பி உடன் வைத்துவிடுங்கள், அனுமதி கிடைத்த பிறகு மறுபடி ஓட வேண்டியதில்லை.

ஏ.ஆர். அட்டை இரண்டு வாரத்தில் திரும்பி வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். ரசீது நகலோடு அனுப்பிய தபால் நிலையத்துக்கே போய் எழுத்தில் விசாரியுங்கள். கொடுத்த விசாரணைக் கடிதத்தின் நகலிலும் ஒரு சாப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள்.